ஆறு பேர், ஒரு கப்பல், எத்தனை கதவு?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். பெரியவளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம், சின்னவனுக்குப் பதினான்கு மாதம். பொங்கல் முடிந்ததும் மாமாவும் அத்தையும் விருதுநகரிலிருந்து வருகிறார்கள். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணத்துக்கு அவர்களையும் அழைத்துப் போகிறோம். ஆறு பேரும் ஒன்றாக இருக்க ஒரே பெரிய சூட் ரூம் எடுக்கலாம் என்கிறார் கணவர். தனி ரூம் போட்டால் அப்பா, அம்மா மனசு கஷ்டப்படுமாம். மாமாவுக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறார். ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம் போவார், குறட்டையும் உண்டு. அத்தை நாலரை மணிக்கு எழுந்து குளித்து விளக்கேற்றுவார். சின்னவன் இரண்டு தடவையாவது பாலுக்கு அழுவான். எனக்கு நினைத்தாலே தலை சுற்றுகிறது. வாய் திறந்தால் மருமகள் பிரிக்கப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும். ஒரே சூட் சரிப்படுமா? ஏஜென்ட் அனுப்பிய படத்தில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், மடித்து விரிக்கும் சோபா இரண்டு இருக்கின்றன. இன்னொன்று, அத்தை சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்.
– வாசகி, செங்காங்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கப்பல் பயணங்களை ஏற்பாடு செய்து தருவதுதான் என் தொழில். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும், பெரும்பாலும் கணவர்மார் கேட்பார்கள். அவர்கள் கேட்பது “எத்தனை சதுர அடி?” என்று. நீங்கள் யார் எப்போது எழுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வர்ணிக்கும் அந்த சூட் உங்கள் ஆறு பேருக்கு வேண்டாம். நடுவில் கதவு உள்ள இரண்டு பால்கனி கேபின்களை எடுங்கள். கனெக்டிங் கேபின் என்று கேட்டால் தருவார்கள். சாவி இல்லாமலேயே உள்ளுக்குள் போய்வரலாம், வேண்டும்போது சாத்திக்கொள்ளலாம்.

முதலில் அந்த சூட்டில் உங்களை ஏற்றுவார்களா என்பதே சந்தேகம். ஒவ்வொரு கேபினுக்கும் இத்தனை பேர் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. உயிர்காப்புப் படகில் இருக்கும் இடத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கெஞ்சியெல்லாம் கூட்ட முடியாது. ஒரு பெட்ரூம் சூட்கள் பெரும்பாலும் நாலு பேரோடு நின்றுவிடும். கைக்குழந்தையும் முழு ஆள்தான். “பாப்பா எங்க பக்கத்துலயே படுத்துக்கும்” என்பது அங்கே செல்லாது. அதனால் ஏஜென்டிடம் குழந்தைகள் பெயரையும் சேர்த்து ஆறு பேருக்கும் எழுத்தில் உறுதி கேளுங்கள். ஜூனியர் சூட் என்று ஒன்றைக் காட்டினால் இன்னும் ஜாக்கிரதை. பெரும்பாலான கப்பல்களில் அதற்குத் தனி பெட்ரூமே கிடையாது, கொஞ்சம் அகலமான ஒரே அறைதான்.

சரி, ஆறு பேருக்கும் இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முதல் ராத்திரியை யோசியுங்கள். குழந்தைகள் எட்டு மணிக்குத் தூங்கியாக வேண்டும். பெட்ரூமை மாமா, அத்தைக்குக் கொடுத்தால் நீங்கள் நால்வரும் ஹாலில். எட்டு மணிக்கு மேல் விளக்கு போட முடியாது, டிவி போட முடியாது. பெட்ரூமை நீங்கள் எடுத்துக்கொண்டால் எழுபத்தொரு வயதுக்காரர் சோபாவில். விரித்துப் போடும் சோபா தாழ்வாக இருக்கும், மெத்தையும் மெல்லிசு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் நாலு தடவை அதிலிருந்து எழுவது தண்டனை. மேலே சுவரிலிருந்து இறங்கும் மடிப்புக் கட்டில் பெரியவர்களுக்கும் ஆகாது, உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆகாது. பாத்ரூம் கதவோ பெட்ரூமுக்குள் இருந்தால், ஹாலில் படுத்திருப்பவர் ஒவ்வொரு தடவையும் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்னவனுக்குக் கப்பலில் தரும் மடக்குத் தொட்டில் இருக்கிறதே, அது நடுவழியில்தான் நிற்கும். வேறு இடம் இருக்காது. இருட்டில் மாமா அதில் இடித்துக்கொள்வார், சின்னவன் எழுவான், அவன் அழுகையில் பெரியவள் எழுவாள். மணி இரண்டு ஆகியிருக்கும். நாலரைக்கு அத்தை குளிக்கப் போவார்.

இரண்டு கேபின் என்றால் இரண்டு பாத்ரூம். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்குக் கப்பலில் இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை. காலை எட்டு மணிக்குப் பினாங்கில் இறங்கத் தயாராகும்போது நீங்களே சொல்வீர்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். எந்த கேபினிலும் முதல் இரண்டு பேருக்குத்தான் முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவு. அதனால் “ஒரே ரூம் என்றால் நாலு பேர் கம்மி ரேட்டில் வருவார்கள்” என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த முதல் இரண்டு பேர் கட்டுவது சூட் ரேட். இரண்டு பெட்ரூம், இரண்டு பாத்ரூம் உள்ள குடும்ப சூட்டோடு ஒப்பிட்டால் இரண்டு பால்கனி கேபின் பெரும்பாலும் மலிவாகவே முடியும். கப்பல் ஊழியர்களுக்கு என்று ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு வசூலிக்கும் டிப்ஸும் சூட்டில் அதிகம், பல கம்பெனிகளில் கைக்குழந்தைக்கும் சேர்த்து. சூட்காரர்களுக்கு முதலில் ஏறலாம், தனி லவுஞ்ச் உண்டு என்பதெல்லாம் நிஜம்தான். மாமாவை வரிசையில் நிற்க வைக்க வேண்டாம் என்பதுதான் கவலை என்றால், முன்கூட்டியே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள், அதற்கு சூட் தேவையில்லை.

செலவு பார்க்காமல் செய்வதென்றால், இரண்டு பெட்ரூம் குடும்ப சூட் கிடைத்தால் எடுங்கள், மறுக்க மாட்டேன். இல்லையென்றால் ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஓர் ஏற்பாடு உண்டு. ஜூனியர் சூட், பால்கனி கேபின், உள்பக்கத்து ஒற்றை அறை ஆகிய மூன்றும் பொதுவான ஒரு வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கும், மூன்று பாத்ரூமோடு. கூட்டுக் குடும்பத்துக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். எண்ணிக்கை கம்மி என்பதால் சீக்கிரம் போய்விடும்.

கேபினைப் பதியும்போது “கனெக்டிங்தானே?” என்று இரண்டு தடவை கேளுங்கள். அடுத்தடுத்த எண் இருந்தால் நடுவில் கதவு இருக்கும் என்று அர்த்தமில்லை, இதில் ஏமாந்தவர்கள் நிறைய. கப்பலின் தளப் படத்தில் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு குறி போட்டிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், மேலேயும் கீழேயும் கேபின்களே உள்ள தளமாகப் பாருங்கள். நடுவில் ஆட்டம் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும்.

யார் எங்கே படுப்பது? கப்பலின் இரட்டைக் கட்டில் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். மாமா, அத்தை அறையில் அதைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கட்டில் அசையாது. பெரியவள் பாட்டியோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளை என்றால் அவளை அந்த அறை சோபாவில் விடலாம். அப்போது உங்கள் அறையில் நீங்கள் இருவரும் சின்னவனின் தொட்டிலும் மட்டும். காகிதத்தில் யார் எந்த கேபின் என்பதும் நிஜத்தில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் இரு கேபினுக்கும் ஒன்றுதானா என்று சாவி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். புதிதாக ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடியாமல் கப்பல் கிளம்பாது, அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும். அதற்குப் போகும்போதே குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டு, போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அத்தை தூளி கட்டலாமா என்று கேட்பார், பாருங்கள். உத்தரமும் இல்லை, கொக்கியும் இல்லை. மேலே இருக்கும் மடிப்புக் கட்டிலில் சேலையைக் கட்டவே கூடாது. கப்பலில் தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

பால்கனி வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்களே என்று சிலர் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். நான் வேண்டும் என்பேன். குழந்தைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச அந்த நாலடி இடத்தை விட்டால் வேறு இல்லை. ஆனால் இதில் கண்டிப்பாக இருங்கள். ஏறிய உடனே பால்கனியில் உள்ள நாற்காலி, சின்ன மேசை எதுவும் கம்பி ஓரம் இல்லாதபடி நகர்த்துங்கள், மேசையை எடுத்துவிடச் சொன்னாலும் எடுத்துவிடுவார்கள். மூன்று வயதுக்காரிக்கு நாற்காலி என்பது ஏணி. பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் பால்கனிக் கதவு திறக்கக் கூடாது. அத்தைக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு பால்கனி இருக்கிறதே. குழந்தையைத் தூக்கிக் கம்பி மேல் உட்காரவைத்துக் கடல் காட்டுவது, போட்டோவுக்குக்கூட, வேண்டவே வேண்டாம். அப்புறம் கேபின் கதவு. தீத்தடுப்புக்காகக் கனமாகச் செய்து, தானே சாத்திக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். பிஞ்சு விரல் அதில் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கிற விபத்து.

இரண்டு கேபினுக்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரும் யோசிப்பதில்லை. கப்பலில் வாந்தி பேதி பரவினால் வேகமாகப் பரவும். யாருக்காவது வந்தால் மருத்துவப் பிரிவில் சொல்ல வேண்டும், அவரைக் கேபினை விட்டு வெளியே வரவிடாமல் வைப்பார்கள். ஒரே சூட்டில் இருந்தால் ஆறு பேரும் அவரோடு ஒரே பாத்ரூம். இரண்டு கேபின் என்றால் மாமாவைக் காப்பாற்றிவிடலாம். பஃபே வாசலில் கையில் அடிக்கும் சானிட்டைசரை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வாந்தி பேதியைப் பெரும்பாலும் பரப்பும் நோரோ வைரஸுக்கு சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் சரி.

இன்சுலினை வைக்க அறையில் உள்ள சின்ன ஃபிரிட்ஜை நம்பாதீர்கள், பல கப்பல்களில் அது பானத்தைக் குளிர வைப்பதோடு சரி. மருந்துக்கான ஃபிரிட்ஜ் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், ஊசிகளைப் போடும் பெட்டியும் தருவார்கள். மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை முனையத்தில் ஒப்படைத்தால் அவை அறைக்கு வர மாலை ஆகலாம், டயபரும் மாற்றுத் துணியும் அதனால் கையோடு. இந்திய மெடிக்ளைம் கப்பலில் உதவாது. சர்க்கரை வியாதியை மறைக்காமல் சொல்லி எடுத்த பயணக் காப்பீடு மாமாவுக்கு அவசியம். கப்பல் மருத்துவருக்குக் கட்டணம் தனி. ஜனவரியில் அந்தமான் கடல் பக்கம் பொதுவாக அமைதியாகவே இருக்கும், மலாக்கா நீரிணையோ இருபுறமும் கரை. இருந்தாலும் குமட்டல் மாத்திரை எதையும் மாமாவின் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில வகைகள் வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும், சிறுநீர் பிரிவதையும் சிக்கலாக்கும். நான் டாக்டர் இல்லை, கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அத்தையின் விளக்கு. கேபினில் நெருப்பு கூடாது. அகல், ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் ஏற்ற முடியாது, புகை உணரும் கருவி வேறு இருக்கிறது. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை லிட்டில் இந்தியாவில் வாங்கி நீங்களே கொடுங்கள். பாத்ரூமில் பக்கெட், மக் கிடையாது, தண்ணீர் பீய்ச்சும் குழாயும் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போட்டுக்கொண்டால் பாதி புகார் வராது. சின்னவனைக் குளிப்பாட்டவும் அதுதான். பாத்ரூம் வாசலில் ஒரு படி போல உயர்ந்திருக்கும், மாமாவுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் டயபர் பை, துண்டு எல்லாம் தரையை விட்டு மேலே ஏறிவிடும்.

குழந்தைகளுக்குக் கப்பலில் என்ன இருக்கிறது என்பதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மூன்று வயதிலிருந்து விளையாட்டு கிளப்பில் சேர்ப்பார்கள், ஆனால் டயபர் முழுக்க விட்டிருக்க வேண்டும். உங்கள் பெரியவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. சின்னவன் வயதுக்குச் சில கப்பல்களில் மட்டும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள். டயபர் போட்ட குழந்தையைப் பொது நீச்சல்குளத்தில் விட மாட்டார்கள், நீச்சல் டயபர் போட்டாலும் சரி. கைக்குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர்த் திடல் உள்ள கப்பலா என்று கேளுங்கள், இல்லையென்றால் பெரியவள் நீச்சல்குளத்தைப் பார்த்தே அழுது தீர்த்துவிடுவாள்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். தனி ரூம் என்றால் மாமியார் மாமனாருக்கு வருத்தம் என்று பிள்ளைகள்தான் சொல்கிறார்கள். பெரியவர்கள் என்னிடம் தனியாகப் பேசும்போது வேறு மாதிரி சொல்வார்கள். குறட்டையால் மருமகள் தூக்கம் கெடுகிறதே என்ற கூச்சம் மாமனாருக்கு. மகன் படுத்திருக்கும் அறை வழியாக இருட்டில் பாத்ரூம் போவது அவருக்குத்தான் சங்கடம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே இதைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். “அம்மா, நடுவுல கதவு இருக்கு, பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். ராத்திரி அப்பா எழுந்திருச்சா பாப்பா முழிச்சுக்கக் கூடாதேன்னுதான்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் பாப்பா என்று ஆகிவிட்டால் எந்தப் பாட்டியும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

அதோடு இன்னொன்றையும் அவர் பேசியாக வேண்டும். குழந்தைகளை யார் எப்போது பார்த்துக்கொள்வது என்பதைக் கிளம்பும் முன் பேசாத குடும்பங்கள்தான் மூன்றாவது நாள் முகம் தூக்கிக்கொண்டு சாப்பிட வருகின்றன. நீங்கள் அத்தை பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள், அத்தை தன்னை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிவந்திருப்பதாக நினைப்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவும் தூங்குவார், குழந்தைகளும் தூங்குவார்கள். அந்த இரண்டு மணி நேரம் பாட்டி, தாத்தாவுடையது, நீங்கள் இருவரும் வெளியே போகலாம். ராத்திரிக் காவல் முழுக்க உங்களுடையது. ஒரு மாலை மட்டும், சின்னவனுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, அவர்களை உட்காரச் சொல்லி நீங்கள் நாடகம் பார்க்கப் போகலாம். அதற்கு மேல் கேட்காதீர்கள். 71 வயதுக்காரரையும் மூன்று வயதுக்காரியையும் கைக்குழந்தையையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் அத்தைக்கு அது பயணமே இல்லை.

துறைமுகங்களில் பினாங்கு உங்களுக்காகவே அமைந்தது. கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையை ஒட்டியே நிற்கும். இறங்கி நடக்கும் தூரத்தில் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். நேரில் விளக்கேற்ற முடியாத குறையை அத்தை அங்கே தீர்த்துக்கொள்வார். வெயிலுக்கு முன் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். புக்கெட் வேறு கதை. பெரிய கப்பல்கள் பல சமயம் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். ஆடும் படகில் மாமா, தள்ளுவண்டி, கைக்குழந்தை மூன்றையும் ஏற்றி இறக்குவது தேவையா? நானாக இருந்தால் அன்று கப்பலிலேயே இருந்துவிடுவேன். கூட்டமெல்லாம் கரைக்குப் போயிருக்கும், லிஃப்ட் காலி, சாப்பாட்டுக் கூடம் காலி.

மாமா, அத்தையின் விசாவை இன்றே எடுத்துப் பாருங்கள். கப்பல் ஏறினால் அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வருவது புது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் முனையத்திலேயே ஏற்ற மறுத்துவிடலாம். மலேசியா, தாய்லாந்து நுழைவு விதிகளையும் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அவை மாறிக்கொண்டே இருக்கின்றன.

ரைஸ் குக்கர் முடியாது. சூடாக்கும் மின் சாதனம் எதுவும் ஏற்றவிட மாட்டார்கள், கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சேர்த்து. ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வீட்டில் சமைத்த சாப்பாடும் கூடாது, சீல் உடைக்காத குழந்தை உணவு பரவாயில்லை. பஃபேயில் வெறும் சாதமும் தயிரும் கிடைக்கும், பெரியவளுக்கு நாலு நாளும் தயிர்சாதத்தில் ஓட்டிவிடலாம். இந்திய சைவ உணவு வேண்டும் என்று பதியும்போதே எழுதிவிடுங்கள், முதல் நாள் இரவே சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் ஒரு தடவை சொல்லுங்கள். அத்தை ஊறுகாய் கொண்டுவந்தே தீருவேன் என்றால் கடையில் வாங்கிய பாட்டிலாக, மூடி திறக்காமல் இருக்கட்டும்.